தம்பிக்கு மனச்சிதைவு: குணசீலம் கூட்டிப்போகலாமா? வரன் வீட்டில் சொல்லலாமா?

முசிறிப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பேச வீட்டில் ஆள் இல்லை.

எங்களுக்கு முசிறிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். தம்பிக்கு 22 வயது. திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. மெஸ் சாம்பாரில் எதையோ கலக்கிறார்கள் என்று சொல்லி, டீயும் பன்னுமாகவே நாளை ஓட்டியிருக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தவன் செல்போனை ஈரத்துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தான். ஏன்டா என்று கேட்டால், ஹாஸ்டல் பையன்கள் அதன் வழியாகப் பேசுவது காதில் விழுகிறது, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நடை.

திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்றார். ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது, சாப்பிட ஆரம்பித்தான், குரல்கள் தூரத்தில் கேட்பதுபோல் ஆகிவிட்டன என்றான். ஆனால் உடம்பு பெருத்துவிட்டது. கை லேசாக நடுங்குகிறது. பகலிலும் தூங்குகிறான்.

இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பங்காளி வீட்டோடு வரப்புத் தகராறு இருந்தது, அதனால் இது செய்வினை என்கிறார் அம்மா. குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைத்தால் சரியாகிவிடும், ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் பெருமாள் அருள் இறங்காது என்கிறார் சித்தப்பா. ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் தன்னால் தெளிந்துவிடுவான் என்கிறார் பெரியம்மா. அப்பா எதுவும் பேசுவதில்லை.

இன்னொரு சிக்கல். நான் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கரூர்ப் பக்கம் ஒரு வரன் கூடி வருகிறது. தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்று அம்மா தரகரிடம் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வரும் அன்று அவனை மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் திட்டம். போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவனே வந்து, "அன்னைக்கு நான் எந்நேரத்துக்குக் கிளம்பணும்க்கா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பஸ் நேரம் கேட்பதுபோல் கேட்டான்.

எனக்குத் தெரியவேண்டியது இரண்டுதான். குணசீலத்துக்கு நான் சம்மதிக்கலாமா? மாப்பிள்ளை வீட்டில் தம்பியைப் பற்றிச் சொல்லலாமா?

—

ராம்நாடு சிஸ்டர் எழுதியது:

தங்கச்சி, நான் ராமநாதபுரம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் மகனுக்கும் இதே நோய்தான். வார்டிலும் பார்த்திருக்கிறேன், வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

குணசீலம் போகட்டும். தடுக்காதீர்கள். ஆனால் மாத்திரையோடு போகட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே எதுவும் தெரியாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், நன்றாகவே இருப்பார்கள். தூக்கக் கலக்கம் போய் முகம்கூடத் தெளிந்திருக்கும். "பார்த்தாயா, சாமி கைவிடல" என்று வீடே சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் நோய் திரும்ப வந்து நிற்கும். அடிக்கடி இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் பழைய நிலைக்கு மீள்வதும் கஷ்டமாகிக்கொண்டே போகும். அண்ணன் மகன் விஷயத்தில் எங்கள் குடும்பம் பட்டது இதுதான்.

நடுக்கம், எடை, பகல் தூக்கம் எல்லாம் மருத்துவரிடம் சொல்லவேண்டிய விஷயங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை தரலாம். தினமும் விழுங்குவது சண்டையாகிறது என்றால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் கோபப்பட மாட்டார்கள். அம்மா மாத்திரையை எதிர்ப்பதில் பாதி, பிள்ளையின் கை நடுங்குவதைப் பார்ப்பதால் வருவது. நடுக்கம் நின்றால் அம்மாவின் எதிர்ப்பும் பாதி குறையும்.

அடுத்தது சங்கிலி. எங்கே தங்கவைத்தாலும், யார் சொன்னாலும், அவனைக் கட்டிவைக்கச் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், மனநோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா இருக்கும் ஏர்வாடியில், ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். நான் அப்போது அந்த மாவட்டத்தில்தான் வேலையில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்த விடுதிகளை அரசு மூடியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இப்போது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். கட்டிவைத்த குடும்பங்களை ஊரே அரக்கர்களாகப் பேசியது. நான் பார்த்த ஒரு அம்மா, மகனின் சங்கிலிப் பூட்டுச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். கருவாட்டுக் கூடையைச் சுமந்து நாலு ஊர் விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். போகும் நேரத்தில் மகன் ரோட்டில் இறங்கி லாரிக்கு நேராக நடப்பான். பார்த்துக்கொள்ள ஒரு ஆள், வாங்கித்தின்ன ஒரு மாத்திரை, இரண்டும் கிடைத்திருந்தால் அந்தச் சாவிக்கே வேலை இருந்திருக்காது. மாத்திரை ஒழுங்காகக் கிடைத்த பிறகு அதே பையன் அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

ஏர்வாடி தர்காவில் பிற்பாடு மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே நடக்கட்டும் என்று அரசே ஏற்பாடு செய்தது. மனநல மருத்துவர் அங்கேயே வந்து பார்க்கிறார். தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே வந்து மாத்திரையும் வாங்கிப் போகிறார்கள். ஒன்று மற்றதைக் கெடுத்ததாக நான் பார்த்ததில்லை.

கோயிலில் தங்குவதால் பலனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் நம் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில், மருந்தில்லாமலே, நோய் எவ்வளவு கடுமை என்று அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே பெரிய சடங்கு எதுவும் கிடையாது. வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கவேண்டும். காலையில் பிரார்த்தனை, அப்புறம் கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. யாரும் விரட்டாத, முறைத்துப் பார்க்காத இடம். அதுதான் வேலை செய்திருக்கும் என்பது அந்த மருத்துவர்களின் கணிப்பு. அந்த இருபதோடு மாத்திரையும் சேர்ந்தால் எவ்வளவு நல்லது என்று சித்தப்பாவிடம் கேளுங்கள்.

குணசீலத்தில் உச்சிகாலத்திலும் ராத்திரியிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். தெளிக்கட்டும். அங்கே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது, மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். 48 நாளும் அம்மாவோ அப்பாவோ கூடத் தங்கவேண்டும். தனியே விட்டுவிட்டு வருவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரியம்மா சொல்லும் கால்கட்டு மட்டும் கூடவே கூடாது. அது இன்னொரு பெண்ணின் வாழ்க்கை. சென்னையில் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப்காரர்கள், இந்த நோய் வந்து கணவன் வீட்டால் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். பலருக்கு முறையான விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. என்றைக்காவது கூப்பிடுவார் என்று தாலியைக் கழற்றாமல் பெற்றோர் வீட்டில் இருந்தவர்களும் உண்டு. மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் இரண்டு வீடும் அழியும், ம்மா. தம்பி தெளிந்து, தன் நோயைத் தானே சொல்லி, ஒரு பெண் தெரிந்தே சம்மதித்தால் அது வேறு கதை.

—

ஈப்போ மாறன் எழுதியது:

சகோதரி, மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் அனுபவம்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று ஒரு சின்ன ஊர். 1911லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது, இப்போது பெயர் பஹாகியா மருத்துவமனை. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லித் திட்டுவதுபோல் இங்கே அந்த ஊர்ப் பெயரே வசவு. மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று வித்தியாசமே கிடையாது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக் கேலி பண்ணுவோம். என் அக்கா அங்கே சேர்ந்த வருடம் நான் படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு). அதற்குப் பிறகு அந்தக் கேலி காதில் விழும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எதிர்வீட்டுச் சீனக் குடும்பம், மனநிலை சரியில்லாத பாட்டியை விருந்தாளி வந்தால் மாடியில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். என் மலாய் நண்பன் தன் அண்ணனை முதலில் போமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) கூட்டிப்போனான். நாங்கள் மாரியம்மன் கோயிலில் சாமியாடியிடம் போனோம். பிறகு மூன்று வீடும் ஒரே கிளினிக் வரிசையில் பார்த்துக்கொண்டோம். அங்கே யாரும் யாரையும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். சாமி வேறாக இருந்தாலும் வெட்கம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் பெண் பார்த்தபோது அக்காவைப் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதமாக நின்றேன். ஒரு வரன் நின்றுபோனது உண்மை. காரணம் சொல்லவில்லை, ஆனால் தெரியும். அடுத்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் என் மாமியார், தன் தம்பி தற்கொலைக்கு முயன்று, போலீஸ் வந்து, அதை வெளியே சொல்லாமலே வருடங்கள் ஓடிய கதையைச் சொன்னார். இங்கே தற்கொலை முயற்சி 2023 வரைக்கும் குற்றம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவே பயப்படுவார்கள்.

எங்கள் கல்யாணத்தில் அக்கா பட்டுப்புடவை கட்டி நாத்தனார் முடிச்சுப் போட்டாள். நீங்கள் மறைத்துவிட்டுக் கல்யாணம் பண்ணினால், உங்கள் தம்பி ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். எத்தனை வருடத்துக்கு அனுப்புவீர்கள்?

—

முசிறிப் பெண் எழுதியது:

சிஸ்டர் அம்மாவுக்கும் மாறன் அண்ணனுக்கும் நன்றி. இரண்டையும் அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். கருவாட்டுக்காரம்மா கதையில் குரல் கம்மிவிட்டது அவருக்கு.

அம்மாவிடம்தான் எடுபடவில்லை. செய்வினை எல்லாம் இல்லை, மூளையில் ரசாயனக் கோளாறு என்று நான் விளக்கினேன். அதைக் கேட்டு, "அப்ப என் புள்ளைக்கு மூளையே கெட்டுப்போச்சா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். செய்வினை என்றால் எடுக்கலாம், மூளை கெட்டால் என்ன செய்வது என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. வரன் வீட்டிலும் இது பரம்பரையாக வருமா என்றுதான் கேட்பார்கள். அதற்கு உண்மையான பதில் என்ன?

—

தேம்ஸ்கரைத் தமிழ் எழுதியது:

நான் லண்டனில் மனநலத் துறையில் ஆய்வு மாணவி. சொந்த ஊர் மன்னார்குடி.

முதலில் பரம்பரை விஷயம். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அந்த வாய்ப்பு சுமார் 9 சதவீதம். உங்கள் பிள்ளைகளுக்கு, அதாவது தாய்மாமனுக்கு இருந்தால், சுமார் 4 சதவீதம். அப்படியென்றால் நூற்றில் 96 பேருக்கு வராது. இதை ஒளிக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். கேட்டால் இந்த எண்ணை அப்படியே சொல்லுங்கள்.

அம்மா அழுததில் நியாயம் இருக்கிறது. இதை ஆய்வாளர்களே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996லும் 2006லும் பொதுமக்களிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். இது மூளை சார்ந்த நோய், மருத்துவரிடம் போகவேண்டும் என்று சொல்பவர்கள் அந்தப் பத்து வருடத்தில் கூடியிருந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கட்டுமா, கூட வேலை பார்க்கலாமா, உங்கள் குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டபோது ஒதுக்கும் மனசு குறையவே இல்லை. விளக்கம் மாறியும் கதவு திறக்கவில்லை. அதனால் செய்வினையா, மூளையா என்று அம்மாவோடு வாதாடுவதில் உங்கள் சக்தியைச் செலவழிக்காதீர்கள். செய்வினையையும் எடுக்கட்டும், மாத்திரையும் கொடுக்கட்டும். மாத்திரை சாப்பிட்டு நன்றாகி வாழ்பவர்கள் ஏராளம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவேண்டும். முடிந்தால் அப்படி ஒருவரை நேரில் பார்க்கட்டும்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் நெருக்கமானது. ஸ்டான்ஃபோர்டின் மானுடவியலாளர் தான்யா லுர்மனும் ஸ்கார்ஃப் மருத்துவர்களும் சேர்ந்து, கலிபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர் என்று குரல் கேட்பவர்களிடம் பேசினார்கள். கலிபோர்னியாவில் குரல்கள் பெரும்பாலும் வன்முறையானவை. வெட்டு, குத்து என்று சொல்பவை, தன் மனதுக்குள் அத்துமீறி நுழைந்தவை. அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல். குளி, சாப்பிடு, வீட்டைக் கூட்டு என்று வைகிற குரல்கள். எல்லாம் இனிமையானவை என்று அர்த்தமில்லை, அசிங்கமாகப் பேசும் குரல்களும் அங்கே இருந்தன, அவை அவர்களை ரொம்பவே வதைத்தன. நோய் ஒன்றுதான் என்றாலும் அது எந்த வீட்டுக்குள், எந்த உறவுகளுக்கு நடுவில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பேச்சே மாறுகிறது.

வீட்டுக்குள் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் இங்கே லண்டனில் 1960, 70களில் நடந்த ஆராய்ச்சி உதவும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை ஓயாமல் குறை சொல்லும், வெறுப்புக் காட்டும், அல்லது ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் பொத்திப்பொத்தி வைக்கும் வீடுகளில் நோய் அதிகம் திரும்பியது. பிறகு சண்டிகரில் அதே முறையில் பார்த்தபோது அப்படிப்பட்ட குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. நம்மிடம் ஏற்கனவே இருக்கும் பலம் இது. பகலில் தூங்குகிறான் என்றால் "எருமை மாதிரித் தூங்குறான்" என்று யாராவது சொல்லுமுன், அது மாத்திரையும் நோயும் சேர்ந்து செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டும். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் தினமும் ஒரு சின்ன வேலை அவன் பொறுப்பில் இருக்கட்டும். செய்யாத அன்று கணக்குக் கேட்காதீர்கள்.

பெல்ஜியத்தில் ஹேல் என்று ஒரு ஊர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து, புனித டிம்ப்னா தேவாலயத்துக்கு வந்த மனநோயாளிகளை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன் 3,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படி இருந்தார்கள், இப்போதும் அந்த வழக்கம் உண்டு. அங்கே குடும்பங்களுக்கு நோயின் பெயரைச் சொல்வதில்லை. இவர் மாட்டைப் பார்த்துக்கொள்வார், இவருக்கு ராத்திரியில் பயம் வரும் என்ற அளவில் தெரிந்தால் போதும். அதுவும் ஒரு கோயிலில் தொடங்கியதுதான். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

—

முசிறிப் பெண் எழுதியது:

ஹேல் ஊர்க் கதையைச் சித்தப்பா முழுசாகக் கேட்டார். மாத்திரையோடு குணசீலம் என்று முடிவாகிவிட்டது. அம்மா கூடத் தங்குகிறார், அப்பா ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றிவிடுவார். தரகரிடம் நானே பேசினேன். தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் படிப்பு நின்றிருக்கிறது, மனநல மருத்துவம் நடக்கிறது, பெண் பார்க்க வரும் அன்று அவன் வீட்டில்தான் இருப்பான் என்றேன். அவர் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் அந்தப் பேச்சை நான் மாற்றப்போவதில்லை.

தம்பி ஒன்று கேட்கிறான். காலேஜில் திரும்பச் சேர முடியுமா, என்ன காரணம் எழுதுவது என்று. திருச்சி மருத்துவர் கட்டணமும் அப்பாவுக்குக் கொஞ்சம் பாரமாக இருக்கிறது.

—

ராம்நாடு சிஸ்டர் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். அவனாகக் கேட்டது ரொம்ப நல்ல அறிகுறி, ம்மா.

மாவட்ட மனநலத் திட்டம் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நாலு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று, 1996ல். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்து இலவசம். இப்போதைய மருந்துச் சீட்டைக் காட்டினால் அதையே தொடர்வார்கள், இல்லாவிட்டால் அதற்கு ஈடானதைத் தருவார்கள். ராத்திரியில் திடீரென்று பயந்தாலோ, சாகணும் என்று பேசினாலோ 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். குணசீலத்தில் அம்மாவின் போனிலும் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.

காலேஜுக்கு மருத்துவரிடம் இரண்டு சான்றிதழ் வாங்குங்கள். சிகிச்சையில் இருந்ததால் இடைவெளி என்று ஒன்று, இப்போது படிக்கத் தகுதியாக இருக்கிறார் என்று ஒன்று. மருத்துவக் காரணம் என்று எழுதினால் போதும், நோயின் பெயரை எழுதவேண்டியதில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது தம்பியின் உரிமை, உங்களுடையதோ அம்மாவுடையதோ இல்லை. ஹாஸ்டலுக்கு இப்போதே அனுப்பாதீர்கள். முசிறியிலிருந்து பஸ்ஸில் போய் வரட்டும். முதல் செமஸ்டரில் எத்தனை பேப்பர் எடுப்பது என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து அவனே முடிவு பண்ணட்டும்.